சிவப்பும் நீலமும் சேர்ந்தால் சேறு: எட்டாம் வகுப்பில் ஒரு நிறப் பாடம்

போன ஆண்டு ஆகஸ்டில் எட்டாம் வகுப்புக்கு நானாகவே ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். பத்துக் கேள்வி, பத்து மதிப்பெண். நான்காவது கேள்வி: சிவப்பு + நீலம் = ? வகுப்பில் 37 பேர். 36 பேர் ‘ஊதா’ என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் ‘சேத்துக் கலர்’ என்று எழுதியிருந்தாள். குறும்பு என்று நினைத்து, சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வகுப்பில் அவள் ஓவிய நோட்டோடு வந்து மேசைப் பக்கத்தில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை, நோட்டைத்தான் திறந்தாள். இடப்பக்கம் ஒரு சிவப்புத் திட்டு, வலப்பக்கம் ஒரு நீலத் திட்டு, நடுவில் இரண்டும் கலந்த இடம். அந்த நடு இடம் ஊதா இல்லை. மழைநாளில் வாசற்படியில் யாரோ செருப்பைத் தேய்த்துவிட்டுப் போன மாதிரி, பழுப்பிலும் சேராமல் கறுப்பிலும் சேராமல் ஒரு நிறம்.

“நீங்க குடுத்த பெயிண்ட்தான் சார்” என்றாள்.

அந்த ஒரு மதிப்பெண்ணின் பின்னால் போனதில் ஆறு வாரம் ஓடிவிட்டது. காலாண்டுத் தேர்வு வரைக்கும் வேறு எந்தப் பாடமும் நடத்தவில்லை. என்ன நடந்தது, எங்கே வழுக்கியது என்பதை வகுப்புக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து இங்கே எழுதுகிறேன். மாணவர் பெயரோ பள்ளியின் பெயரோ இதில் இல்லை.

எங்கள் ஊர் காஞ்சிபுரம் பக்கம், பட்டுத் தறி ஓடுகிற ஊர். நான் பகுதி நேர ஓவிய ஆசிரியர், வாரத்தில் மூன்று அரை நாள். மாதத் தேர்வு நெருங்கினால் அதில் ஒன்றைக் கணக்கு சார் கேட்டு வாங்கிக்கொள்வார், அது தனிக் கதை. வகுப்புக்கு ஐந்து வண்ணப் பெட்டி, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு டியூப். மூன்று பேருக்கு ஒரு பிரஷ். அதுவரை நான் நிறத்தைச் சொல்லிக்கொடுத்த முறை, எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முறைதான். முதல் நாள் கரும்பலகையில் வண்ணச் சக்கரம். சிவப்பு, மஞ்சள், நீலம் முதன்மை நிறங்கள். அவற்றைக் கலந்தால் ஆரஞ்சு, பச்சை, ஊதா. பிள்ளைகள் பார்த்து வரைவார்கள், நான் கையெழுத்துப் போடுவேன், பாடம் முடிந்தது. கலந்து பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்களும் சேறு வந்தால் தங்கள் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டார்கள்.

முதலில் தண்ணீர்மேல் சந்தேகம்

எனக்கு உடனே தோன்றியது டம்ளர் தண்ணீர்தான். பிரஷைக் கழுவிக் கழுவி அது எப்போதும் அழுக்காகத்தான் இருக்கும். இரண்டு டம்ளர் வைத்தேன், ஒன்று கழுவ, ஒன்று கலக்க. சேறுதான் வந்தது. சரி, அளவு கூடியிருக்கும் என்று நினைத்தேன். நீலத்தில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று ஏற்றி, பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பத்துக் கட்டம் போட்டு நிரப்பினோம். முதல் கட்டம் சிவப்பு, மூன்றாவது செங்கல், ஐந்தாவது டிகாக்‌ஷன், ஏழாவது கறுப்பு மாதிரி, பத்தாவது பேனா மை. பத்தில் ஒரு கட்டத்திலும் ஊதா இல்லை.

இதற்கு நடுவில் இன்னொன்று தெரியவந்தது. ‘ஊதா’ என்று சரியாக எழுதிய 36 பேரிடமும், வகுப்பறையில் ஊதாவாக இருக்கிற ஒரு பொருளைக் காட்டச் சொன்னேன். சிலர் கத்தரிப்பூ நிறப் பையைக் காட்டினார்கள். கணிசமான பேர் நீல மைப் பேனாவைக் காட்டினார்கள்! அவர்கள் வீட்டில் பாட்டிக்கு நீலப் பேனா ‘ஊதாப் பேனா’தான். பாடப் புத்தகத்து வானவில்லில் ஊதா ஒரு முனையில் இருக்கிறது, தெருவில் அதே சொல் நீலத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக, அந்த 36 பேரில் பலர் ‘சிவப்பும் நீலமும் சேர்ந்தால் நீலம்’ என்று மனத்துக்குள் படித்து, மனப்பாடமாக எழுதி, என்னிடம் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்ததை எழுதியவளுக்குத்தான் சைபர். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது இது கொஞ்சம் உறுத்தியது. அதற்குப் பிறகு வகுப்பில் ஊதா என்ற சொல்லையே தள்ளி வைத்துவிட்டோம். கத்தரிப்பூ என்றால் யாருக்கும் குழப்பம் இல்லை.

மூன்றாவதாகத்தான் டியூபின் மேல் எழுதியிருப்பதைப் படித்தோம். பெட்டிக்குள் சிவப்பு ஒன்றல்ல, இரண்டு: வெர்மிலியன், கிரிம்சன். நீலமும் இரண்டு: பிரஷ்யன் ப்ளூ, அல்ட்ராமரின். அவள் எடுத்தது வெர்மிலியனும் பிரஷ்யனும். இரண்டு சிவப்பு, இரண்டு நீலம் என்றால் நான்கு ஜோடி. நான்கையும் கலந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வெர்மிலியனும் பிரஷ்யனும், சேறு. வெர்மிலியனும் அல்ட்ராமரினும், மங்கிய அரக்குப் பழுப்பு. கிரிம்சனும் பிரஷ்யனும், வாடின கத்தரிக்காய்த் தோல். கிரிம்சனும் அல்ட்ராமரினும் சேர்ந்தபோது பின் பெஞ்சில் சத்தம் எழும்பியது. கத்தரிப்பூ!

ஏன் இப்படி? ஒவ்வொரு சாயமும் தன்மேல் விழும் வெள்ளை ஒளியில் ஒரு பங்கை விழுங்கிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த மிச்சம்தான் நமக்கு நிறம். வகுப்பில் இதை மாவுச் சல்லடை வைத்துச் சொன்னேன். வெர்மிலியன் ஒரு சல்லடை, அதன் கண்ணில் சிவப்பும் கொஞ்சம் ஆரஞ்சும் மட்டும் இறங்கும், நீலம் தங்கிவிடும். பிரஷ்யன் இன்னொரு சல்லடை, நீலமும் கொஞ்சம் பச்சையும் இறங்கும், சிவப்பு தங்கிவிடும். ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சலித்தால் கீழே என்ன விழும்? மேலே தப்பியதைக் கீழே பிடிக்கிறது, ஏறக்குறைய ஒன்றும் விழாது. அந்த ஒன்றுமில்லாததுதான் சேறு. கிரிம்சன் சல்லடையில் நீலத்துக்கும் ஒரு சிறு கண் இருக்கிறது, அல்ட்ராமரினில் சிவப்புக்கு ஒரு சிறு கண் இருக்கிறது. அந்த வழியாக இறங்கியதுதான் கத்தரிப்பூ.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கரும்பலகையில் நானே எழுதியிருந்த கூட்டல் குறி கண்ணில் பட்டது. இத்தனை வருஷமாகக் கூட்டல் குறியைப் போட்டுக் கழித்தல் கணக்கைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அழித்துவிட்டு, இரண்டு நிறத்துக்கும் நடுவில் ஒரு சல்லடை படம் வரைந்தேன். படம் சரியாக வரவில்லை, இட்லித் தட்டு மாதிரி இருந்தது. ஓவிய ஆசிரியர் என்று பெயர்!

மஞ்சளும் சுண்ணாம்பும்

இரண்டாவது வாரம் முதன்மை நிறம் என்றால் என்ன என்று தொடங்கினேன். “வேறு எந்த நிறத்தைக் கலந்தும் உண்டாக்க முடியாதது” என்று, வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். “உதாரணம், சிவப்பு.”

ஜன்னலோரத்துப் பையன் எழுந்தான். “ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா செவப்பா வருதே சார்?”

மஞ்சள் மஞ்சள், சுண்ணாம்பு வெள்ளை. மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்து சிவப்பு. கரும்பலகைச் சக்கரத்தில் இதற்கு இடமே இல்லை. “அது வேற விஷயம்பா, உட்காரு” என்று சொல்லியிருக்கலாம். பத்து வருஷம் முன்னால் நிச்சயம் சொல்லியிருப்பேன். சேற்றுக் கலர் விஷயத்தில் சூடு பட்டிருந்ததால், அடுத்த வகுப்புக்கு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன்.

ஒரு தட்டு, மஞ்சள்தூள், வெற்றிலைச் சுண்ணாம்பு, ஒரு எலுமிச்சம்பழம். தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து ஒரு கொட்டைப்பாக்கு அளவு சுண்ணாம்பைப் போட்டதும் விளிம்பிலிருந்து சிவப்பு ஓடிவந்தது. எல்லோருக்கும் தெரிந்த காட்சிதான், வகுப்பறையில் நடந்ததால் புதிதாக இருந்தது. அப்புறம் அதே தட்டில் எலுமிச்சை பிழிந்தேன். சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. பெயிண்டில் இப்படி நடக்குமா? கலந்த ஆரஞ்சிலிருந்து மஞ்சளைத் திருப்பி எடுக்க முடியுமா? முடியாது. அப்படியானால் தட்டில் நடந்தது கலப்பு இல்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருளே காரத்தில் ஓர் உருவம், அமிலத்தில் ஓர் உருவம் என்று மாறுகிறது. பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்த அறிவியல் டீச்சர், “இது என் பாடம் சார், நிறங்காட்டி” என்று உரிமை கொண்டாடினார். இருக்கட்டும். இரண்டு நிறங்கள் கலப்பது வேறு, ஒரு பொருள் மாறி அதன் நிறமும் மாறுவது வேறு என்ற வித்தியாசத்தை எந்தச் சக்கரமும் சொல்லிக்கொடுத்திருக்காது. ஓர் ஆரத்தித் தட்டு சொல்லிக்கொடுத்தது.

ஆனால் பையனின் கேள்வியில் பாதி இன்னும் மிச்சமிருந்தது. சிவப்பைக் கலந்து உண்டாக்க முடியாதுதானா?

வாடாமல்லி

முடியும். அச்சுக்காரர்கள் தினமும் அதைத்தான் செய்கிறார்கள். சிவகாசிக் காலண்டர் இல்லாத வீடு எங்கள் ஊரில் இல்லை. ஒரு பழைய முருகன் காலண்டரையும் பூதக்கண்ணாடி மூன்றையும் வகுப்பில் சுற்றவிட்டேன். முருகனின் சிவப்பு வேட்டிக்குள் சிவப்பு மையே இல்லை. வாடாமல்லி நிறப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும்தான் நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. மயிலின் கழுத்தில் வெளிர்நீலப் புள்ளிகள். அங்கங்கே கறுப்பு. நான்கு மைதான் மொத்தமும். ஒரு பெண் பிஸ்கட் பாக்கெட்டின் மடிப்பைப் பிரித்து, அங்கே வரிசையாக இருந்த குட்டி வண்ண வட்டங்களைக் காட்டினாள். “இது எதுக்குன்னு ரொம்ப நாளா யோசிச்சேன் சார்.” அந்த வேலையில் எந்தெந்த மை ஓடியது, சரியாக ஓடியதா என்று பார்க்க அச்சகத்தார் வைத்துக்கொள்ளும் அடையாளம் அது.

அச்சகத்தில் மஜந்தா என்று சொல்லும் மைக்கு நம்மிடம் வாடாமல்லி என்று கச்சிதமான பெயர் இருக்கிறது. சியான் என்கிற அந்த வெளிர்நீல மைக்குத்தான் வீட்டுப் பெயர் அகப்படவில்லை. மயில்துத்தம் கரைத்த தண்ணீர் என்றேன், ஆய்வகத்தில் பார்த்திருந்தார்கள், பிடித்துக்கொண்டார்கள்.

பிரிண்டருக்கு ஊற்றும் மை மூன்று குப்பி என் செலவில் வாங்கினேன். தண்ணீரில் நன்றாக நீர்க்கவைத்து, மாத்திரை அட்டைகளின் குழிகளில் சொட்டு சொட்டாக விட்டோம். வாடாமல்லியில் மஞ்சள் விட்டால் சிவப்பு, பச்சைமிளகாய் பழுத்த சிவப்பு. வாடாமல்லியில் மயில்துத்த நீலம் விட்டால் கத்தரிப்பூ, இன்னும் விட்டால் ஆழ்ந்த நீலம். முதன்மை நிறங்கள் என்று மூன்று வருஷமாக எழுதிவந்த சிவப்பும் நீலமும் கண்முன்னால் கலவையாகிவிட்டன. சல்லடைக் கணக்கில் இது நேராக வருகிறது. வாடாமல்லி பச்சையை மட்டும் விழுங்கும், சியான் சிவப்பை மட்டும், மஞ்சள் நீலத்தை மட்டும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு பங்கைப் பிடிப்பதால், இரண்டைச் சேர்த்தாலும் ஒரு பங்கு தெளிவாக மிஞ்சுகிறது.

அப்படியானால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெ பிளோன் என்பவர் இந்த மூன்று மையை வைத்து வண்ணப் படங்கள் அச்சிட்டார். அன்றைக்குக் கையில் இருந்த சாயங்களில் அதுதான் ஓடியது. இன்றைய சியானும் மஜந்தாவும் அன்று கிடையாது. பிறகு ஓவியப் பள்ளிகளில் அது நிலைத்துவிட்டது. பௌஹவுஸ் என்ற ஜெர்மன் கலைப் பள்ளியில் 1919 முதல் 1923 வரை கற்பித்த யோஹன்னஸ் இட்டனின் 12 நிறச் சக்கரத்திலும் நடுவில் இருப்பது இந்த மூன்றுதான். அதை ஒரேயடியாகப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். சூடான நிறம், குளிர்ந்த நிறம், எதிர் நிறம் என்று பேச அது வசதியான வரைபடம். வரைபடத்தை ஊர் என்று காட்டியது என் தப்பு.

வாடாமல்லி வானவில்லில் கிடையாது என்பதையும் போகிற போக்கில் சொன்னேன், அதுதான் அவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. வானவில் நேர்க்கோடு மாதிரி, சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும். நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளி பற்றிய நூலில் அதன் இரண்டு முனையையும் வளைத்து வட்டமாக்கினார். அந்த ஒட்டுப்போட்ட இடத்தில் வருவதுதான் வாடாமல்லி. சிவப்பு ஒளியும் நீல ஒளியும் ஒன்றாகக் கண்ணில் விழும்போது மூளை காட்டும் நிறம். “அப்போ எங்க வீட்டு வாசல்ல பூத்திருக்கறது?” என்று ஒருவன் கேட்டான். பூ இருக்கிறது தம்பி, வானவில்லில்தான் இல்லை.

இதே வாரத்தில் ஒரு விபத்தும் நடந்தது. நீர்க்காத மஜந்தாக் குப்பியை ஒருவன் மூடி சரியாக இல்லாமல் தூக்க, முன்னால் இருந்தவன் தோள்பட்டையில் சாய்ந்துவிட்டது. யூனிஃபார்ம் சட்டை, அதுவும் அந்த ஆண்டு கொடுத்தது. எலுமிச்சை, சோப்பு, டெட்டால் என்று வகுப்பே ஆலோசனை சொன்னது. எதற்கும் போகவில்லை. மறுநாள் அவன் அம்மா வந்து, “படம் வரையத்தானே சார் சொல்லிக்குடுக்கறீங்க, சட்டைக்குச் சாயம் போடவா?” என்று கேட்டார். பதில் இல்லை. குப்பிகளை நானே கையாண்டிருக்கவேண்டும். இதைச் செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்கள் வீட்டிலேயே நீர்க்கவைத்துக் கொண்டுபோவது நல்லது.

பம்பரமும் மயில்கழுத்தும்

நான்காவது வாரம், சேற்றுக் கலர் பெண் ஒரு துண்டுத் துணி கொண்டுவந்தாள். அவள் அப்பா தறி நெய்பவர். துண்டு மயில்கழுத்து நிறம். பாவு நீலம், ஊடை பச்சை. “ரெண்டையும் பெயிண்ட்ல கலந்து பாத்தேன் சார். இப்படி மின்னவே மாட்டேங்குது. டல்லா வருது.”

பூதக்கண்ணாடியில் வைத்தோம். நீல நூல் ஒரு திசை, பச்சை நூல் குறுக்கே. இரண்டுக்கும் நடுவில் மயில்கழுத்து நூல் என்று ஒன்று எங்கேயும் இல்லை. கண்ணாடியை எடுத்தால் மயில்கழுத்து. இங்கே சல்லடைமேல் சல்லடை இல்லை. இரண்டு நூலும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, தன் தன் ஒளியைத் தனித்தனியாக அனுப்புகின்றன. கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்குப் பொடியாக இருப்பதால் அதுவே சராசரி எடுத்துக்கொள்கிறது. விழுங்குவது கூடுவதில்லை, அதனால் மங்குவதும் இல்லை. துணியைத் திருப்பினால் நிறம் மாறுவதற்கும் காரணம் அதுதான். பாவும் ஊடையும் வேறு வேறு திசையில் ஓடுவதால், ஒரு சாய்வில் நீல நூல் அதிகம் பளபளக்கிறது, இன்னொரு சாய்வில் பச்சை.

இதைப் பெயிண்டிலேயே காட்ட முடியுமா என்று யோசித்தபோது பம்பரம் கைகொடுத்தது. வட்டக் காகிதத்தின் ஒரு பாதியில் வெர்மிலியன், மறுபாதியில் நீர்த்த பிரஷ்யன், நடுவில் ஓட்டை போட்டுப் பம்பரத்தின் தலையில் மாட்டினோம். சேறு கொடுத்த அதே இரண்டு டியூப்தான். சாட்டையைச் சுண்டிப் பம்பரம் நின்று சுற்றியதும் மேலே தெரிந்தது வெங்காயச் சருகு. மங்கல்தான், ஆனாலும் ரோஸ் ஓடிய கத்தரி இனம். சேறு இல்லை! 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மேக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் இந்த மாதிரி சுழல் தட்டை வைத்துத்தான் நிறக் கணக்குப் போட்டார். அவருடையதைவிட எங்கள் பம்பரம் அதிக நேரம் நின்று சுற்றியிருக்கும் என்பது வகுப்பின் கருத்து. பையன்கள் அன்றைக்குக் காட்டிய ஒழுங்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

தறி வீட்டுப் பிள்ளைகள் வாய் திறக்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். அதுவரை நிறம் என்றால் பள்ளிக்கூடத்து விஷயம், பன்னிரண்டு டியூப். இப்போது வீட்டில் புழங்கும் பெயர்களை ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள். மாம்பழம், எலுமிச்சை, அரக்கு, மிளகாய்ப் பழம், காப்பிப்பொடி, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, யானைக் கலர், சந்தனம். எம்.எஸ். ப்ளூவும் வந்தது, பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிப் பிரபலமான அந்த நீலம். ஒரு பச்சைக்கு நான்கு பெயர் வைத்திருப்பவர்களிடம் ‘பச்சை இரண்டாம் நிலை நிறம்’ என்று எழுதவைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து நூல் கழிவை வைத்து ஒரு பயிற்சி. ஒரே சாம்பல் நூலை இரண்டு அட்டையில் சுற்றச் சொன்னேன், ஓர் அட்டை மாம்பழ மஞ்சள், ஓர் அட்டை கருநீலம். மஞ்சள்மேல் நூல் இருட்டாகவும் கொஞ்சம் நீலம் பாய்ந்தும் தெரிந்தது. நீலத்தின்மேல் வெளுத்து, வெதுவெதுப்பாக. ஒரே கண்டு நூல் என்று நம்பமாட்டேன் என்றார்கள், நுனிகளைச் சேர்த்துப் பிடித்துக் காட்டவேண்டியிருந்தது. இது யோசெஃப் ஆல்பர்ஸ் என்ற ஓவிய ஆசிரியர் வண்ணக் காகிதத்தில் செய்த பயிற்சியின் நூல் வடிவம். பௌஹவுஸ் மூடப்பட்டதும் 1933இல் அமெரிக்கா போய் பிளாக் மௌண்டன் கல்லூரியிலும், 1950 முதல் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தவர். முதலில் கை, கோட்பாடு அப்புறம் என்பது அவர் வைத்த வரிசை. நான் இருபது வருஷம் அதைத் தலைகீழாக நடத்தியிருக்கிறேன்.

இந்தப் பயிற்சிக்கு அடுத்த வாரம், சேற்றுக் கலர் பெண்ணின் அப்பா பள்ளி வாசலில் என்னைப் பார்த்தார். நூல் கழிவுக்காக நன்றி சொல்லப்போனவனிடம் அவரே கதை சொன்னார். ஒரு தடவை ஒரே பாவாக அரக்கு பார்டர், இரண்டு சேலை. ஒன்றுக்கு உடல் மஞ்சள், ஒன்றுக்குப் பச்சை. வாங்கியவர் இரண்டு பார்டரும் ஒரே சாயம் இல்லை என்று சண்டைக்கு வந்துவிட்டார். “சாயம் அதேதான் சார். பக்கத்துல எது படுத்திருக்குதோ அது இழுத்துக்கும்.”

பாரிஸில் கோபலின் நெசவாலையில் 1824 முதல் சாயப் பிரிவைக் கவனித்த செவ்ருல் என்ற வேதியியலாளரிடமும் இதே புகார் வந்தது. கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் வெளுத்துத் தெரிகிறது என்றார்கள். சாயத்தைச் சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குறை இல்லை. பக்கத்து நிறம் கண்ணை மாற்றுகிறது என்று கண்டு 1839இல் பெரிய புத்தகமாகவே எழுதினார். இதை வாசலில் நின்று அவரிடம் சொன்னேன். “அவரும் திட்டு வாங்கித்தான் கத்துக்கிட்டாரா?” என்று சிரித்துவிட்டு, ஊடைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

நூலைப் பிரிக்கும்போது தெரிந்த ஒன்று

நூல் கழிவை நிறவாரியாகப் பிரிக்கும் வேலையில், ஒரு பையன் அரக்கையும் கரும்பச்சையையும் ஒரே குவியலில் போட்டுக்கொண்டிருந்தான். கவனக்குறைவு இல்லை, மிகுந்த கவனத்தோடுதான் போட்டான். பழைய நோட்டுகளைப் புரட்டினேன். ஆறாம் வகுப்பிலிருந்தே அவன் மரங்களுக்கு அடிமரம் பச்சை, சில இலைகள் பழுப்பு. ஓரிடத்தில் என் கையெழுத்து: ‘கவனித்து வண்ணம் தீட்டவும்.’

வகுப்பில் எதுவும் சொல்லவில்லை. ஓவிய ஆசிரியர் நோய் கண்டுபிடிக்கிறவரும் இல்லை. அவன் அம்மாவைத் தனியாகப் பார்த்து, கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டச் சொன்னேன். “என் தம்பியும் இப்படித்தான் சார், காய்க்கும் பழத்துக்கும் வித்தியாசம் தெரியாது” என்றார். அது பொருந்துகிறது. சிவப்பு-பச்சைக் குறைபாடு பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. அம்மாவுக்குப் பார்வை சரியாகவே இருக்கும், அவர் வழியாக மகனுக்கு இறங்கும். தாய்மாமனைக் கொண்டு வருவது காதுகுத்துக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது. இப்போது டியூப்களில் அவன் தானே பெயர் எழுதி ஒட்டிவைத்திருக்கிறான். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு நூல்களை அடுக்கும் பயிற்சியில் வகுப்பில் அவனைப் பிடிக்க ஆள் இல்லை. மற்றவர்கள் நிறத்தில் மயங்கித் தடுமாறுகிற இடத்தில் அவனுக்குத் தடுமாற்றம் இல்லை.

எது நின்றது, எது நிற்கவில்லை

ஆறாவது வாரம்தான் வண்ணச் சக்கரத்தைக் கொண்டுவந்தேன். வரையச் சொல்லவில்லை, அவரவர் கலந்து வைத்திருந்த துண்டுகளை வட்டமாக அடுக்கச் சொன்னேன். எந்த இரண்டு வட்டமும் ஒன்றுபோல வரவில்லை. சிலருடையதில் பச்சைப் பக்கம் நெரிசல், கத்தரிப் பக்கம் காலி. அந்தக் காலி இடத்தை நிரப்ப எந்தச் சிவப்பு வேண்டும், எந்த நீலம் வேண்டும் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். சேறுகளுக்கு வட்டத்தில் இடம் இல்லை என்றதும், சேற்றுக் கலர் பெண் தனி அட்டை ஒன்று போட்டாள். பதினான்கு சேறு, ஒவ்வொன்றுக்கும் பெயர். ஏரிக்கரை, துருப்பிடித்த வாளி, காய்ந்த வாழைச் சருகு, அம்மி, பழைய புளி. அடுத்த மாதம் ஊர்ப் பெரிய ஏரியைப் பார்த்து வரைந்தபோது வகுப்பே அந்த அட்டையைச் சுற்றி நின்றது. நீர்நிலை என்றால் நேராக நீல டியூபை எடுக்கிற பழக்கம் அன்றைக்குத்தான் கொஞ்சம் அசைந்தது.

எல்லாம் கைகூடவில்லை. ஒளியைக் கலப்பதும் சாயத்தைக் கலப்பதும் வேறு என்பது பாதிப் பேருக்கு இன்னும் குழப்பம்தான். செல்ஃபோன் திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சள் ஆவதைக் காட்டிய வகுப்பு முழுத் தோல்வி, திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் புள்ளி தெரியும் என்று நானே சொல்லிவைத்து, அப்புறம் எல்லோரும் தண்ணீரோடு விளையாடினார்கள். காலண்டர் பாடமும் கொஞ்சம் தவறான எண்ணத்தைக் கொடுத்துவிட்டது. அச்சில் புள்ளிகள் பக்கத்தில் பக்கத்திலும் இருக்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறியும் இருக்கும், சராசரியும் சல்லடையும் சேர்ந்தே நடக்கும். அதைப் பிரித்துச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, கணக்கு சாருக்கு மாதத் தேர்வு வந்துவிட்டது. ஆறு வாரம் ஒரே பாடம் என்பது தலைமையாசிரியர் கண்ணில் படாமல் நடந்தது என்றும் சொல்லமுடியாது.

இந்த ஜூனில் புதிய எட்டாம் வகுப்புக்கு முதல் நாளே டியூப் பெயர்களைப் படிக்கவைத்தேன். மஜந்தாக் குப்பி என் பையை விட்டு வெளியே வருவதில்லை. பழைய தாளில் நான்காவது கேள்விக்கு ஒரு மதிப்பெண் போட்டு, பெருக்கல் குறியை அடித்துக் கையெழுத்திட்டு அவளிடம் கொடுத்தேன். வாங்கி மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. சட்டையில் மை கொட்டிய பையன் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டான். அந்தச் சட்டையைத் தம்பிக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவன் ஆறாம் வகுப்பில் முன் பெஞ்சில் உட்காருகிறான். தோள்பட்டையில் வாடாமல்லியாக இருந்த இடம் துவைத்துத் துவைத்து இப்போது வெளிர் ரோஸ்.